கேள்வி கேட்காத நோட்டு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். தோன்றிய யோசனையை மறப்பதற்குள் எழுதிவைக்க வேண்டும் என்று நோட்டு, ஆப், வாய்ஸ் ரெக்கார்டர் எனப் பலவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்ததில், கடைசியில் என் கையில் தங்கியிருப்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற, நூல் போட்டுத் தைத்த, கோடு போடாத ஒரு பாக்கெட் நோட்டும் அதோடு செருகிய பாதிப் பென்சிலும்தான். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அந்த அரை மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு பெரிய காரணம் இருக்கிறது, அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

எந்தக் கம்பெனி நோட்டு என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்று தீர்ந்தால் அடுத்தது வேறு கம்பெனியுடையதாக இருந்திருக்கிறது, அதனால் வேலை எதுவும் கெடவில்லை. அளவு, தையல், தாள் மூன்றும் ஒழுங்காக இருந்தால் போதும். ஆகவே இந்த வகை நோட்டுக்கே எழுதிய விமர்சனமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல யோசனை என்றால் தானாகவே திரும்ப வரும், வராவிட்டால் போகட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவே மாட்டேன். மறதி ஒரு யோசனையின் தரத்தைப் பார்த்துவிட்டு வருவதில்லை. 1959-ல் லாய்ட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். மூன்றே மூன்று ஆங்கில மெய்யெழுத்துகளைச் சொல்லிவிட்டு, உடனே ஒரு எண்ணிலிருந்து மும்மூன்றாகக் கழித்துப் பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். அப்படி எண்ணிக்கொண்டிருப்பவரால் எழுத்துகளை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்க முடியாது. 18 நொடி கழித்துக் கேட்டால் அந்த மூன்று எழுத்துகளும் பெரும்பாலும் போயே போயிருந்தன. மூன்று எழுத்துக்கே இந்தக் கதி. போனை எடுத்து லாக் திறந்து, வந்திருக்கும் மெசேஜை ஓரக்கண்ணால் பார்த்து, ஆப்பைத் தேடித் திறக்கக் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிவிடும், நடுவில் கண்ணில் பட்ட அந்த மெசேஜ் பின்னோக்கி எண்ணச் சொல்வதைவிடப் பெரிய இடைஞ்சல். நாம் மனதில் ஒரே சமயத்தில் ஏந்திக்கொள்ள முடிவது சுமார் நான்கு விஷயங்கள்தான் என்று நெல்சன் கோவன் 2001-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார் (1956-ல் ஜார்ஜ் மில்லர் சொன்ன ஏழு என்ற கணக்குதான் பலருக்குத் தெரிந்தது). உள்ளே ஏற்கெனவே நாலு கவலை உட்கார்ந்திருக்கும்போது ஐந்தாவதாக வருகிற யோசனை எங்கே நிற்கும்?

அதனால் இந்த வேலைக்கு வரும் எந்தப் பொருளையும் நான் ஒரே அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்: எழுத ஆரம்பிக்கும் முன் அது என்னிடம் எத்தனை கேள்வி கேட்கிறது? தலைப்பு என்ன, எந்த ஃபோல்டரில் போட வேண்டும், லேபிள் என்ன, இது செய்ய வேண்டிய வேலையா அல்லது வெறும் குறிப்பா என்று குறிப்பெடுக்கும் ஆப்களில் பலவும் கதவைத் திறக்கும் முன்பே விசாரணையைத் தொடங்கிவிடுகின்றன. பிறந்த நொடியில் ஒரு யோசனை எந்த வகையைச் சேர்ந்தது என்று அதை யோசித்தவருக்கே தெரியாது. பாதி வாக்கியமாக வரும், ஒரு படமாக வரும், ஏன் இப்படி என்ற கேள்வியாக வரும். அந்த நேரத்தில் அதை வகைப்படுத்தச் சொன்னால் வகைப்படுத்துவதில் கவனம் போய், யோசனையின் கூர்மை மழுங்கிவிடும். வெற்றுத் தாள் எதையும் கேட்பதில்லை.

சரி, நோட்டுக்கு வருவோம். நான் பயன்படுத்துவது சுமார் 9 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரம். ஏ6 அளவு (105 × 148 மி.மீ.) இதைவிடக் கொஞ்சம் பெரிது, பைக்குள் வைக்கச் சரி, சட்டைப் பாக்கெட்டில் வைத்தால் மேலே துருத்திக்கொண்டு நிற்கும், குனிந்தால் விழும். ஏ7 (74 × 105 மி.மீ.) எங்கும் அடங்கும், ஆனால் அதில் எழுதும்போது கை தாளுக்கு வெளியே போய்விடுவதால் நின்றுகொண்டு எழுத முடியாது, வரிக்கு மூன்று நான்கு சொல்லுக்கு மேல் பிடிக்காது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு உண்மையான சிக்கல், நம் சொற்கள் நீளம், "எழுதிக்கொண்டிருந்தபோது" என்று ஒரு சொல் எழுதினாலே பாதி வரி முடிந்துவிடும். அளவைத் தேர்ந்தெடுக்கும்போது இதை யோசியுங்கள். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் ஏ7-ஐப் புகழ்ந்து சொல்வதைக் கேட்டு வாங்கிவிட வேண்டாம்.

தையல் விஷயத்தில் நான் ரொம்பப் பிடிவாதம். ஸ்பைரல் நோட்டு நன்றாக மடங்கும் என்பது உண்மைதான், ஆனால் பாக்கெட்டில் இருக்கும்போது கம்பி நசுங்கும், நசுங்கிய இடத்தில் தாள் சிக்கும், சிக்கிய தாளைத் திருப்பும்போது கிழியும், கம்பியின் முனை துணியில் மாட்டும். முதுகில் பசை மட்டும் போட்டு ஒட்டிய நோட்டு விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும், ஒரு கையால் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் எழுத வேண்டும், கொஞ்ச நாளில் தாள் தாளாக உதிர ஆரம்பித்துவிடும். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய நோட்டு பரவாயில்லை, 48 பக்கம் வரைக்கும் அது தாங்கும். ஆனால் நூல் தையல்தான் எல்லாவற்றிலும் மேல். நடுப்பக்கத்தைத் திறந்து பெருவிரலால் ஒரு முறை நீவிவிட்டால் மேஜையில் அப்படியே படுத்துக் கிடக்கும், இடப் பக்கத்தில் எழுதினாலும் வலப் பக்கத்தில் எழுதினாலும் கைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

தாள் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் நல்லது. 60-க்குக் கீழே போனால் பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரியும், அதனால் ஒரு பக்கம்தான் எழுதத் தோன்றும், நோட்டு சீக்கிரம் தீரும். கோடு போட்டது, போடாதது, புள்ளி போட்டது மூன்றிலும் எழுதியிருக்கிறேன். கோடு போட்ட தாள் எப்போதும் வாக்கியத்தையே எதிர்பார்க்கிறது, யோசனையோ பல நேரம் ஒரு அம்புக்குறி, இரண்டு வட்டம், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி என்றுதான் வருகிறது. புள்ளி போட்ட தாள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும், கையெழுத்து மலையேறுகிறவர்களுக்கு அது உதவும். நான் கோடு இல்லாததையே வைத்துக்கொண்டிருக்கிறேன். அட்டை மட்டும் கொஞ்சம் தடிமனாக இருக்க வேண்டும், ஏனென்றால் படியில் நின்று, வண்டிக்காகக் காத்திருந்து, சுவரில் சாய்ந்தபடி எழுதும்போது அட்டைதான் மேஜை.

பென்சில் ஏன், பேனா ஏன் இல்லை என்று பலரும் கேட்பார்கள். படுத்துக்கொண்டு மல்லாந்து எழுதிப் பாருங்கள், தெரிந்துவிடும். சாதாரண பால்பாயிண்ட் பேனாவில் மை கீழ்நோக்கி இறங்கினால்தான் எழுதும், நுனியை மேலே பார்த்துப் பிடித்தால் ஒரு வரிக்குள் நின்றுவிடும். தூங்கப் போகும் நேரத்தில்தான் நல்ல யோசனைகள் தலையைக் காட்டும் என்பதால் இது அற்ப விஷயம் இல்லை. இதற்கென்றே ஒரு பேனா உண்டு, பால் ஃபிஷர் 1960-களில் உருவாக்கிய ஸ்பேஸ் பென். ரீஃபிலுக்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருப்பதால் மை எந்தப் பக்கம் பிடித்தாலும் நுனிக்குத் தள்ளப்படுகிறது, 1968-ல் அப்போலோ 7 விண்கலத்தில் போனது. அருமையான பொருள்தான். ஆனால் அது செய்யும் வேலையில் முக்கால்வாசியைச் சாதாரண எச்பி பென்சில் செய்துவிடும். தலைகீழாக எழுதும், குளிரில் எழுதும், ஈரம் பட்டால் எழுத்து பரவாது, வருஷங்கள் போனாலும் வெளுக்காது, மூடி தொலையும் பேச்சே இல்லை. 2பி பென்சில் இன்னும் கறுப்பாக எழுதும், ஆனால் பாக்கெட்டுக்குள் பக்கங்கள் ஒன்றோடொன்று உரசி எழுத்து மசமசவென்று ஆகிவிடும். முழுப் பென்சில் வேண்டாம், பாதியாக வெட்டி இரண்டு பக்கமும் சீவி வைத்துக்கொண்டால் ஒரு நுனி உடைந்தாலும் மறு நுனி தயாராக இருக்கும். லெட் போடும் பேனா பென்சிலில் சீவும் வேலை இல்லை என்பது வசதி, ஆனால் 0.5 லெட் அவசரத்தில் அழுத்தி எழுதினால் பட்பட்டென்று முறியும், 0.7 ஓரளவு தாங்கும்.

இனி மாற்றுப் பொருட்கள். போனைக் குறை சொல்லி நோட்டைத் தூக்கிப் பிடிப்பது என் நோக்கம் இல்லை, போன் நன்றாகச் செய்கிற வேலையை நோட்டால் செய்யவே முடியாது. கூகுள் கீப் 2013-ல் வந்ததிலிருந்து பலருக்கும் கைக்குப் பழகிய ஆப். திறந்ததும் எழுதலாம், தலைப்பு கொடுக்காமலே விடலாம், பேசினால் எழுத்தாக மாற்றிக்கொண்டு குரலையும் சேர்த்து வைத்துக்கொள்ளும், எழுதியது கம்ப்யூட்டரிலும் உடனே தெரியும். முகப்புத் திரையில் விட்ஜெட்டாக வைத்தால் ஆப்பைத் தேடும் படி ஒன்று குறையும், அதைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே மெசேஜ் அனுப்பும் வசதி 2022 நவம்பரில் வந்தது, அதற்கு முன்பே தான் ஒருவர் மட்டும் இருக்கும் குரூப் வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்தவர்கள் ஏராளம். கேள்வி கேட்காமல் இருப்பதில் இதற்கு நல்ல மதிப்பெண் தருவேன், தட்டினால் போய்விடும், அவ்வளவுதான். தொல்லை என்னவென்றால் அந்த இடத்துக்குப் போகும் வழியில்தான் மற்ற எல்லோருடைய மெசேஜும் காத்துக்கொண்டிருக்கிறது. எழுதப் போன விஷயத்தை எழுதாமலே கால் மணி நேரம் கழித்து வெளியே வருவது நம்மில் பலருக்கும் அன்றாடம் நடப்பதுதான்.

குரலில் பதிவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடக்கும்போதும் கையில் சாமான் இருக்கும்போதும் அதை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றும் வசதியை கூகுள் 2017-ல் கொண்டுவந்தது, இப்போது நிறுத்தி நிதானமாகப் பேசினால் வியக்கும்படி சரியாக வருகிறது. ஆனால் யோசனை வரும் நேரத்தில் யாரும் நிறுத்தி நிதானமாகப் பேசுவதில்லை, பேச்சுத் தமிழில், பாதி விழுங்கி, நடுவில் இங்கிலீஷ் கலந்துதான் பேசுவோம், அப்போது திரையில் வருவதைப் பார்த்தால் சொன்னது நாம்தானா என்று சந்தேகம் வந்துவிடும். அதனால் குரல் பதிவையும் சேர்த்து வைக்கிற ஆப்பாகவே தேர்ந்தெடுங்கள். வெறும் ஒலிப்பதிவாக மட்டும் சேர்த்தால் அது வேறொரு குழி: பக்கத்தைக் கண்ணால் ஓட்டிப் பார்க்கிற மாதிரி ஒலியை ஓட்டிப் பார்க்க முடியாது, முழுசாகக் கேட்டால்தான் உண்டு, அதனால் யாரும் திரும்பக் கேட்பதே இல்லை.

நனைந்தாலும் எழுதக்கூடிய நோட்டுகளும் இருக்கின்றன. ரைட் இன் தி ரெயின் என்ற அமெரிக்கக் கம்பெனி 1916-லிருந்து இந்த வகைத் தாளைச் செய்துவருகிறது, மழையில் காட்டில் மரம் வெட்டுகிறவர்களுக்காகத் தொடங்கியது. குளியலறைச் சுவரில் ஒட்டிவைத்துப் பென்சிலால் எழுதும் அட்டைகளும் கிடைக்கின்றன. குளிக்கும்போது யோசனை வருகிறவர்கள் ஒன்று வாங்கி மாட்டலாம், நல்ல பொருள்தான்.

இவ்வளவும் கருவி பற்றி. எந்தக் கருவியும் பழக்கமாகாமல் பயன் தராது, அந்த விஷயத்தில் பாக்கெட் நோட்டுக்கு ஒரு தனிச் சாதகம் இருக்கிறது: அது உடம்போடு கூடவே வருகிறது, நடக்கும்போது தொடையில் தட்டுப்படுகிறது, உட்காரும்போது உறுத்துகிறது, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்க ஆரம்பிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் பார்த்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வில் பொதுவாக 66 நாள் அளவில் வந்தது, ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கேட்டுக் கேட்டு, இருபத்திரண்டாம் நாள் நோட்டை மறந்துவிட்டுப் போனவுடன் நமக்கு இது சரிப்படாது என்று கைவிட்டவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது, எனக்கு இதுதான் அதைவிட முக்கியமாகப் படுகிறது.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இன்னொரு பயனுள்ள விஷயம் இருக்கிறது: "இனிமேல் எழுதுவேன்" என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட, "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று முடிச்சுப் போட்டுவைத்தால் செய்து முடிப்பதற்கு வாய்ப்பு அதிகம். இங்கே அந்த முடிச்சை எங்கே போடுவது? "நல்ல யோசனை வந்தால் எழுதுவேன்" என்று போட்டால் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் இது நல்ல யோசனைதானா என்று தீர்மானிக்கும் வேலை நடுவில் நுழைந்துவிடும், அதுவும் ஒரு கேள்விதானே. "இதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று மனசு சொன்னால், உடனே நோட்டை எடுப்பேன்" என்று போடுங்கள். அந்த "அப்புறம்" என்ற சொல் மனதில் ஓடுவது எல்லோருக்கும் தெளிவாகக் காதில் விழும். அது விழுந்தவுடன் கை பாக்கெட்டுக்குப் போகப் பழகிவிட்டால் போதும், மிச்சத்தை நோட்டு பார்த்துக்கொள்ளும்.

எப்படி எழுதுவது என்பதிலும் நோட்டு நிறையக் கற்றுத் தருகிறது. என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது, மேலே தேதி, அதன் கீழே: "லிஃப்டில் ஏறியதும் எல்லோரும் கதவைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் திரும்பவில்லை என்றால் மற்றவர்களுக்கு என்ன ஆகும்? சிறுகதைக்கு ஆகலாம், பேச்சே வேண்டாம்." அதற்குக் கீழே ஒரு பெட்டி மாதிரிக் கோட்டுப் படம், உள்ளே ஐந்து புள்ளி, நாலு புள்ளிக்கு மேல்நோக்கி அம்பு, ஒன்றுக்குக் கீழ்நோக்கி. இதை எப்போது படித்தாலும் அந்த எண்ணம் முழுசாகத் திரும்ப வருகிறது. இதையே "லிஃப்ட், திரும்புதல்" என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டு வாரத்தில் ஊமையாகிவிடும். யோசனையோடு அது எதற்காகத் தோன்றியது என்பதையும் அரை வரியில் எழுதுவதுதான் குறிப்பை உயிரோடு வைக்கிறது.

ராமானுஜன் கணக்குகளைச் சிலேட்டில் போட்டுப் பார்த்து அழித்துவிட்டு, கிடைத்த முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார், தாள் வாங்குவது அவருக்குச் சுமையாக இருந்தது ஒரு காரணம். அந்த முடிவுகள் நமக்குக் கிடைத்தது பெரும் பேறு, ஆனால் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது சிலேட்டோடு போய்விட்டதால், புரூஸ் பெர்ன்ட் என்ற கணித அறிஞர் அவற்றை ஒவ்வொன்றாக நிறுவி, 1985-லிருந்து 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட வேண்டியிருந்தது. மேதைக்கு அப்படி ஒரு வாசகர் அமைவார். நம் நோட்டுக்கு நாம் மட்டும்தான் வாசகர், ஆகவே வழியையும் ஒரு வரி எழுதிவைப்பது நல்லது.

கையெழுத்தும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி நள்ளிரவில் விழித்து ஒரு சோதனைக்கான யோசனையைத் துண்டுத் தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கினார், காலையில் பார்த்தால் தன் கிறுக்கலைத் தன்னாலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவும் அதே யோசனை வந்தது, இந்த முறை தாளை நம்பாமல் எழுந்து நேராக ஆய்வுக்கூடத்துக்கே போனார். இரண்டு தவளை இதயங்களை வைத்து அவர் செய்த அந்தச் சோதனை, நரம்பின் சேதி வேதிப்பொருள் வழியாகப் போவதைக் காட்டியது. 1936-ல் ஹென்றி டேலோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். யோசனை இரண்டாம் முறை வந்ததால் பிழைத்தது, எல்லா யோசனைக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. இருட்டில் எழுதுவதென்றால் வரிக்கு நடுவில் தாராளமாக இடம் விட்டு, பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஒரே ஒரு விஷயம் என்று எழுதுங்கள். இடது கைப் பெருவிரலை வரியின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த வரி முந்தைய வரி மேல் ஏறாது.

இப்போது அந்த அரை மதிப்பெண். நோட்டு தொலைந்தால் தொலைந்ததுதான், நகல் இல்லை. டார்வின் 1837-ல் உயிரினங்களின் கிளை மரத்தை முதன்முதலாகக் கிறுக்கிப் பார்த்தது இப்படிப்பட்ட ஒரு சின்ன நோட்டில்தான், பக்கத்தின் தலையில் "நான் நினைக்கிறேன்" என்று எழுதி அதன் கீழே கிளைவிடும் கோடுகளைப் போட்டிருந்தார். அந்த நோட்டும் அதற்கு அடுத்த நோட்டும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் படம் எடுப்பதற்காக 2000-ல் வெளியே எடுக்கப்பட்ட பிறகு காணாமல் போயின. திருடு போயிருக்கலாம் என்று நூலகம் 2020-ல் அறிவித்தது, 2022 மார்ச்சில் யாரோ ஒரு இளஞ்சிவப்புப் பரிசுப் பையில் போட்டு நூலகத்துக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டும் சேதமில்லாமல் கிடைத்தன. அத்தனை காவலுக்குள் இருந்த நோட்டுக்கே அப்படி என்றால் நம் பாக்கெட்டில் இருப்பதற்கு என்ன உத்தரவாதம்? கேம்பிரிட்ஜ் நோட்டுகளின் பக்கங்களாவது முன்பே படமெடுக்கப்பட்டிருந்ததால் உள்ளே இருந்ததை உலகம் இழக்கவில்லை.

தேடுவதும் முடியாது. ஆறு மாதத்துக்கு முன் எழுதிய ஒரு வரி எந்த நோட்டில், எந்தப் பக்கத்தில் என்று புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும், போனில் என்றால் ஒரு சொல்லை அடித்தால் வந்து நிற்கும். இந்த இரண்டு குறைக்கும் ஒரே மருந்துதான், அதைச் செய்யாவிட்டால் என் மதிப்பெண் நாலரையிலிருந்து மூன்றுக்கு இறங்கிவிடும்: தினமும் இரவில் அன்றைய பக்கங்களை ஒரு முறை படித்து, உருப்படி என்று தோன்றுவதை மட்டும் போனில் ஏற்றுவது. வகை, தலைப்பு, லேபிள் எல்லாவற்றுக்கும் அதுதான் நேரம், யோசனை ஏற்கெனவே தாளில் பத்திரமாக இருப்பதால் ஆப் எத்தனை கேள்வி கேட்டாலும் நிதானமாகப் பதில் சொல்லலாம். ஏற்றியதற்குப் பக்கத்தில் ஒரு டிக். ஏற்றாததை அடிக்க வேண்டாம், அன்று சப்பென்று தோன்றியது மாதம் கழித்து வேறொன்றோடு சேர்ந்து உயிர் பெறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கங்களை அப்படியே போட்டோ எடுத்து வைப்பதும் நல்லதுதான், தொலைந்தாலும் ஒரு பிரதி இருக்கும், ஆனால் படிக்காமல் படம் மட்டும் எடுத்தால் அது வெறும் சேமிப்பு. திரும்பப் படிக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பழைய குறிப்புக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு வரி முளைக்கிறது, இந்தப் பழக்கத்தின் பெரிய லாபமே எனக்கு அங்கேதான் கிடைக்கிறது.

ஒரே நோட்டு போதும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று, பையில் ஒன்று, மேஜையில் ஒன்று என்று வைத்தால் எழுதும் முன் இதை எதில் எழுதுவது என்ற கேள்வியும் தேடும்போது எதில் எழுதினோம் என்ற கேள்வியும் வந்து சேரும். இரவில் பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தலையணைப் பக்கம் வைத்தால் அதே நோட்டு படுக்கை நோட்டு ஆகிவிடும். வேலைக் குறிப்பு, கதைக் குறிப்பு, வாங்க வேண்டிய சாமான் எல்லாம் ஒரே நோட்டில் கலந்து கிடப்பது அழகாக இருக்காதுதான், பரவாயில்லை, பிரிப்பது இரவு வேலை. அழகான தோல் அட்டை போட்ட விலை உயர்ந்த நோட்டை இந்த வேலைக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதில் கிறுக்க மனசு வராது, நல்லதாக ஒன்று தோன்றட்டும் என்று கை காத்திருக்கும், முதல் பக்கம் காலியாகவே கிடக்கும்.

யாருக்கு இது ஒத்துவராது? நாள் முழுக்க கையுறையோடு அல்லது ஈரக் கையோடு வேலை செய்பவர்களுக்கும், சின்ன எழுத்து எழுதவோ படிக்கவோ கண் ஒத்துழைக்காதவர்களுக்கும், எழுதினால் விரல் வலிக்கிறவர்களுக்கும் குரல் பதிவுதான் சரி, விட்ஜெட்டை முகப்பில் வைத்துக்கொண்டு தயங்காமல் அதையே பயன்படுத்துங்கள். இடது கைக்காரர்களுக்குப் பென்சில் எழுத்து கையில் தேய்ந்து கலையும், அவர்கள் எச்பியைவிடக் கடினமான எச் பென்சிலை எழுதிப் பார்க்கலாம், கொஞ்சம் வெளிறி எழுதும், ஆனால் அவ்வளவாகக் கலையாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: நடுப்பக்கத்தைத் திறந்தால் நூல் தெரிகிறதா, கையை எடுத்த பிறகும் விரிந்தே கிடக்கிறதா, அட்டையைக் கையில் ஏந்தி எழுதினால் வளைகிறதா, கடைசித் தாளில் பென்சிலால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் பள்ளம் விழுகிறதா. வீட்டுக்கு வந்ததும் அட்டையின் உள்பக்கத்தில் தொடங்கிய தேதியையும், தொலைந்தால் கொண்டுவந்து தருவதற்கு ஒரு ஈமெயில் முகவரியையும் எழுதிவிடுங்கள். முதல் பக்கத்தில் வேண்டுமென்றே எதையாவது கிறுக்கிவிட்டால் அதற்கப்புறம் எழுதத் தயக்கம் இருக்காது. பத்துப் பதினைந்து தாள் மீதி இருக்கும்போதே அடுத்த நோட்டை வாங்கி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தாள் தீரப்போகிறதே என்று கை சிக்கனம் பிடிக்கும், எழுத வேண்டியதில் பாதியை இது எதற்கு என்று விட்டுவிடுவோம்.